ரூட் பெர்மிட் கிடைக்காத தபால்

நான் கையால் ஓட்டினால் ஓடும். தானாக ஓடச் சொன்னால் ஓடாது. தொண்ணூறுகளின் கடைசியில், பாறசாலையில் நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், ஒரு பழைய பெட்டி என்னை ஒன்பது நாள் இப்படிப் படுத்தி எடுத்தது. இன்றைக்கும் யாராவது என்னிடம் "ஒரு தடவை செட் பண்ணிவிட்டால் போதும், அதுபாட்டுக்கு நடக்கும்" என்று சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

சென்டர் என்பது பெயருக்குத்தான். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே உரக்கடை மாடியில் இரண்டு அறை. படியேறும்போதே யூரியா வாசனை அடிக்கும். முதலாளி, பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரைச் சார் என்பதை இழுத்துச் சாறு என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டாரே தவிர, அதைத் தொடமாட்டார். தூசு தட்டக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். "நான் தொட்டு எதாவது ஆயிப்போனா, பின்ன நீதானே மக்கா கிடந்து பாடுபடணும்" என்பார்.

அந்த நாளில் வீட்டில் இன்டர்நெட் வைத்திருந்தவர்கள் அந்தப் பக்கம் யாரும் கிடையாது. ஆனால் வளைகுடாவில் ஆள் இல்லாத வீடும் அதிகம் கிடையாது. அதனால் சென்டருக்கென்று ஒரே ஒரு மெயில் முகவரி வைத்திருந்தோம். யாருக்கு எழுதினாலும் அந்த முகவரிக்கு எழுதி, மேலே ஆளின் பெயரைப் போட்டுவிட வேண்டும். நாங்கள் அச்செடுத்து மடித்து வைப்போம், வந்து வாங்கிப் போவார்கள்.

மெயிலை எடுப்பது என் வேலை. ஆனால் காலையில் நான் வெள்ளறடையில் இருந்த இன்னொரு கிளையில் வகுப்பெடுத்தேன். அது முடிந்து, மலைப்பக்கத்து பஸ்ஸில் குலுங்கி, பாறசாலை வந்து சேர இரண்டு மணியாகும். காலையில் வருகிறவர்களுக்கு என்ன வழி? அதற்குத்தான் லினக்ஸைப் போட்டேன். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி. அதில் கிரான் என்று ஓர் ஏற்பாடு உண்டு. இன்ன நேரத்துக்கு இன்ன வேலையைச் செய் என்று எழுதி வைத்துவிட்டால், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது செய்துவிடும். தினமும் காலை பதினோரு மணிக்கு மோடத்தை எழுப்பி, திருவனந்தபுரத்துக்கு டயல் செய்து, வந்திருக்கும் மெயிலை எல்லாம் இறக்கி, அச்செடுத்துவிட வேண்டும் என்று எழுதி வைத்தேன். சாறு தாளைக் கிழித்துக் கொடுத்தால் போதும்.

லினக்ஸில் யார் பெயரில் உள்ளே போகிறோம் என்பது முக்கியம். ரூட் என்ற பெயரில் போனால் எதையும் செய்யலாம், எதையும் அழிக்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். மற்ற பெயர்களுக்கெல்லாம் ஓர் எல்லை உண்டு. பதினோரு மணி வேலைக்கென்று ரூட்டை விடாமல், "தபால்" என்ற பெயரில் அதிகாரம் குறைந்த ஓர் ஆளை உண்டாக்கியிருந்தேன். புத்தகத்தில் அப்படிச் செய்வதுதான் பாதுகாப்பு என்று இருந்தது. நான் மட்டும் எப்போதும் ரூட்டாகத்தான் உட்காருவேன். எனக்கு அது பிடித்திருந்தது, அதை மறைப்பானேன்.

காலையில் வருகிறவர்களில் தவறாமல் வந்தவர் கடப்புறம் என்கிற கடற்கரைப் பக்கத்து அக்கா ஒருவர். பாறசாலைச் சந்தையில் மீன் விற்றுவிட்டு, காலிச் சருவத்தைப் படிக்குக் கீழே வைத்துவிட்டு, சரியாகப் பதினொன்றரைக்கு மாடி ஏறுவார். பன்னிரண்டு மணி பஸ்ஸை விட்டால் அவருக்கு வீட்டுக்கு வழியில்லை. அவருடைய கணவருக்கு வளைகுடாவில் ஒரு கப்பலில் டெக் வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லி, கொச்சியில் ஓர் ஏஜென்சி பெயரை எழுதி வாங்கியிருந்தது. இன்டர்வியூ எப்போது என்பது மெயிலில் வரும், வந்த உடனே புறப்பட்டு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பதிலுக்கு அக்கா கொடுத்திருந்தது எங்கள் சென்டர் முகவரி.

அந்த மனிதர் மத்தியானம் கடலுக்குப் போனால் விடிந்துதான் கரைக்கு வருவார். அதனால் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அக்கா தினமும் எங்களிடம் கேட்டுவிட்டு வரும்வரை அவர் வலையைத் தொடமாட்டார். உண்டு என்றால் கொச்சிக்கு ரயில், இல்லை என்றால் கடல். பல நாள் தான் வீடு வந்து சேரும் முன்பே வள்ளம் அவரை விட்டுவிட்டுப் போய்விடும் என்றும் அக்கா சொல்லியிருந்தார்.

முதல் திங்கட்கிழமை இரண்டு மணிக்கு நான் வந்தபோது பிரிண்டரில் ஒன்றும் இல்லை. வேலை நடக்கவில்லையென்றால் கிரான் அதைப் பற்றி ஒரு கடிதம் எழுதி அந்தப் பெட்டிக்குள்ளேயே போட்டு வைக்கும். பார்த்தேன். பெர்மிஷன் டினைடு என்று இருந்தது. மோடத்தைத் தொட தபாலுக்கு அதிகாரம் கொடுக்க மறந்திருந்தேன். அட, இவ்வளவுதானே என்று மோடத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டேன். பழைய பதிவுக் கோப்பை, அதாவது வேலை எப்படி நடந்தது என்று வரிவரியாக எழுதிவைக்கும் லாக் கோப்பை, அழித்துவிட்டு, நானே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். மோடம் கீச்சென்று கத்தி, மெயில் இறங்கி, பிரிண்டர் அச்சடித்தது. கையைத் தட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமையும் பிரிண்டரில் ஒன்றும் இல்லை. கடிதத்தைத் திறந்தால் அதே பெர்மிஷன் டினைடு. மோடம் இன்னும் சரியாகவில்லை போல என்று அதற்கு இன்னும் கொஞ்சம் அதிகாரம் கொடுத்தேன். பழைய பதிவை அழித்தேன், கையால் ஓட்டினேன், ஓடியது. புதன்கிழமை மறுபடியும் இல்லை. மோடத்தின் கேபிளை மாற்றினேன். வியாழக்கிழமை புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். வெள்ளிக்கிழமை மோடத்தை அடிக்கக் கை ஓங்கினேன். தினமும் இரண்டு மணிக்கு நான் வந்து ஓட்டினால் சமர்த்தாக ஓடும். மறுநாள் பதினோரு மணிக்குச் செத்துக் கிடக்கும். என்னைப் பார்த்தால் ஓடுகிறது, நான் போனால் நிற்கிறது, என்ன திமிர் இதற்கு என்று வாய்விட்டே திட்டினேன். வகுப்பில் இருந்தவர்கள் தங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சாறு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். "என்னதான் மக்கா அதுக்கு?"

"ரூட்டுக்கு பெர்மிஷன் உண்டு சாறே. தபாலுக்குத்தான் இல்ல. அதாக்கும் பிரச்சனை."

அவர் முகம் தெளிந்துவிட்டது. முப்பது வருஷம் பஸ்ஸில் இருந்தவர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்து ஊர் வேறு. இங்கிருந்து போகிற வண்டி களியக்காவிளையில் நிற்க வேண்டும், அங்கிருந்து வருகிற வண்டி இங்கே நுழையக்கூடாது, எதற்கெடுத்தாலும் ரூட் பெர்மிட். "அப்பிடிச் சொல்லு. ரூட்டு பெர்மிட்டு இல்லாம எப்பிடி ஓடும்?" என்றார். நான் இருந்த கோபத்தில், ஆமாம் என்றேன். திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை.

அடுத்த வாரம் முதல், காலையில் மெயில் கேட்டு வருகிற எல்லோரிடமும் சாறு அதையே சொன்னார்: "கம்ப்யூட்டருக்கு ரூட்டு பெர்மிட்டு இன்னும் ஆகல்ல." சொன்னவுடன் எல்லோருக்கும் புரிந்தது என்பதுதான் எனக்கு ஆத்திரம். நான் மோடம், கிரான், அதிகாரம் என்று அரைமணி நேரம் விளக்கினால் ஆவென்று பார்ப்பவர்கள், பெர்மிட் இல்லை என்றதும் உச்சுக்கொட்டித் தலையாட்டினார்கள். காட்டாக்கடையிலிருந்து வந்த ஒரு ரப்பர் வியாபாரி, தனக்குத் திருவனந்தபுரத்தில் ஆள் உண்டு, மனு எழுதித் தந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டே போனார்.

இத்தனைக்கும் என் மனதுக்குள் ஒரு சமாதானம் இருந்தது. எப்படியும் இரண்டு மணிக்கு நான் வந்து மெயிலை எடுத்துவிடுகிறேன், மறுநாள் காலையில் அவரவர் வாங்கிக்கொள்கிறார்கள், ஒரு நாள் தாமதம்தானே, தபால்காரர் கொண்டுவந்தால் ஒரு வாரமாகும் என்று. அந்தச் சமாதானம் இரண்டாவது புதன்கிழமை முறிந்தது.

அன்றைக்கு வழக்கம்போல் இரண்டு மணிக்கு வந்து, வழக்கம்போல் திட்டிக்கொண்டே கையால் ஓட்டினேன். மூன்று மெயில் வந்தன. ஒன்று கொச்சி ஏஜென்சியிலிருந்து. காலை ஒன்பதே காலுக்கு அனுப்பியிருந்தார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு இன்டர்வியூ, அசல் சான்றிதழ்களோடு நேரில் வரவும். அதற்குமேல் ஒரு வரியும் இல்லை.

"சாறே, அந்தக் கடப்புறத்து அக்கா வந்தாவளா?"

"வந்தா. இல்லேண்ணு சொல்லி விட்டேன். பாவம், படியில கொஞ்சம் இருந்துட்டுப் போனா."

தாளைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். வகுப்புக்கு வந்திருந்தவர்களை சாறு என்ன செய்தார் என்று இன்றுவரை கேட்கவில்லை. கடப்புறத்துக்கு நேரடி பஸ் இல்லை, நடுவில் இறங்கி மாற வேண்டும். முதல் பஸ் ஒவ்வொரு கலுங்குப் பாலத்திலும் நின்றது. இரண்டாவது பஸ் வரவே இல்லை. ஆட்டோக்காரர் ஒருவர் ஊர்ப்பெயரைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், திரும்பி வரும்போது சவாரி கிடைக்காதாம். அவரிடமும் ஒரு சண்டை போட்டு, ஏறி உட்கார்ந்து, போய்ச் சேரும்போது ஐந்து மணி இருக்கும்.

சிலுவை நிற்கும் குருசடிக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாயில் குடம் வைத்து நின்றுகொண்டிருந்தார் அக்கா. என்னைக் கண்டதும் குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சறே! ரூட்டு பெர்மிட்டு கிட்டியோ?"

தாளை எடுத்து வாசித்துக் காட்டினேன். நாளைக்கு என்ற இடத்தில் அவர் சிரிப்பு நின்றது. திரும்பிக் கடலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கரையில் ஒரு வள்ளமும் இல்லை.

"ரெண்டு வாரமா பாதி நாளு கரையிலதான் இருந்தாரு டீச்சறே. இண்ணைக்கு நானாக்கும் சொன்னது. பெர்மிட்டுக்க காரியமெல்லாம் மாசக்கணக்கில ஆவும், கெவர்மென்டு விஷயம் அல்லியா, நீங்க இனி காத்துக் கெடக்காம போங்கண்ணு. நானே வலைய எடுத்துக் குடுத்து விட்டேன்."

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "இவ்வளவு தூரம் வந்தியளே, ஒரு சாயா குடிச்சிட்டுப் போங்க" என்றார். குடித்தேன். அந்த டீயை விழுங்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. திரும்பி வரும் பஸ்ஸில், சாறின்மேலும் மோடத்தின்மேலும் லினக்ஸ் எழுதிய முகம் தெரியாத ஆட்கள்மேலும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

மறுநாள் வெள்ளறடைக்குப் போகவில்லை. காலை பத்தரைக்கே பாறசாலையில் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பத்து ஐம்பத்தெட்டு. பத்து ஐம்பத்தொன்பது. பதினோரு மணிக்கு மோடம் கத்த வேண்டும். கத்தவில்லை. ஒரு விளக்குக்கூட மினுக்கவில்லை. கிரான் வழக்கமான கடிதத்தைப் போட்டது. திறந்து, அதே இரண்டு சொல்லைப் பார்த்து, மேசையில் ஓங்கிக் குத்தினேன்.

சாறு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்து நின்றார். நேற்றைக்கு நடந்ததைக் கேட்டதிலிருந்து அவரும் சரியாகப் பேசவில்லை.

"இதில என்ன எழுதியிருக்கு?"

"பெர்மிஷன் டினைடு சாறே. ஒம்பது நாளா இதுதான். மோடம் விடமாட்டேங்குது."

அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். டிக்கெட்டில் முதலில் நம்பர், பிறகு ஏறிய இடம், பிறகு இறங்கும் இடம் என்று இடமிருந்து வலமாக வாசித்தே பழகிய மனிதர். எழுத்து எழுத்தாக வாசித்தார். "இதில மோடம்ணு எங்க இருக்கு? முன்னால லாக்ணு அல்லியா கெடக்கு."

பார்த்தேன். முதல் திங்கட்கிழமைக் கடிதத்தில் மோடத்தின் பெயர் இருந்தது. அதற்குப் பிறகு வந்த எல்லாக் கடிதத்திலும் பதிவுக் கோப்பின் பெயர்தான் இருந்தது. ஒன்பது நாளும் நான் கடைசி இரண்டு சொல்லை மட்டும் படித்திருக்கிறேன். எதற்கு அனுமதி இல்லை என்று எழுதியிருந்ததைப் படிக்கவே இல்லை.

அந்தக் கோப்பின் விவரத்தை எடுத்தேன். லினக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் அது யாருடையது, கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்று ஒரே வரியில் காட்டும். சாறு அதையும் விரல் வைத்து வாசித்தார்.

"பேரு ரூட்டு. நேரம் நேத்து ரெண்டு ஏழு. இதில ஆரு மக்கா இந்த ரூட்டு?"

முப்பது வருஷமாக எத்தனை கண்டக்டரிடம் இந்தக் குரலில் கேட்டிருப்பார் என்று தெரியவில்லை.

"நான்தான் சாறே" என்றேன்.

நடந்தது இதுதான். தினமும் நான் வந்ததும் பழைய பதிவை அழித்துவிட்டு, ரூட்டாக இருந்து வேலையை ஓட்டினேன். அப்போது புதிதாக உண்டான பதிவுக் கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாகிவிட்டது. மறுநாள் பதினோரு மணிக்குத் தபால் வந்து, வேலையைத் தொடங்குமுன் அந்தக் கோப்பில் முதல் வரி எழுதப் பார்க்கும். அது ரூட்டின் கோப்பு, நீ எழுதக்கூடாது என்று இயந்திரம் சொல்லும். தபால் அங்கேயே நின்றுவிடும், மோடம்வரை போகவே போகாது. மோடம் முதல் நாளே சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் வராமல் இருந்திருந்தால், தொடாமல் இருந்திருந்தால், செவ்வாய்க்கிழமையே ஓடியிருக்கும். ஒவ்வொரு நாளும் சரிசெய்கிறேன் என்று வந்து மறுநாளைக் கெடுத்துவைத்துவிட்டுப் போனவள் நான்தான்.

கோப்பைத் தபாலின் பெயருக்கு மாற்றிக் கொடுத்தேன். ஒரு வரி. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு அக்கா படியேறி வந்தார். விடிந்து கரைக்கு வந்ததும் கணவர் சட்டையை மாற்றிக்கொண்டு எப்படியும் கொச்சிக்குப் புறப்பட்டுவிட்டார், மத்தியானம் தாண்டித்தான் போய்ச் சேருவார், காலில் விழுந்தாவது கேட்டுப் பார்ப்பார் என்றார். இதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, பெர்மிட்டும் ஒண்ணும் இல்ல. மெயில் காலையில வராம இருந்ததுக்குக் காரணம் நானாக்கும்."

"அதெப்படி? டீச்சறு தெனமும் வந்து எடுத்துத் தந்தியளே."

"நான் எடுத்ததினாலதான் வரல்ல."

அவர் என்னையும் சாறையும் மாறி மாறிப் பார்த்தார். "எடுத்துத் தந்தா வராம இருக்குமா? நல்ல கூத்து" என்றார். வேறு வார்த்தையில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அவர் என் கையைத் தட்டி, "பரவாயில்ல டீச்சறே, கெவர்மென்டு அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுச் சருவத்தை எடுக்க இறங்கிப் போனார். ஒரு தப்பை ஒப்புக்கொள்ளக்கூட என்னால் முடியவில்லை.

கொச்சியில் அன்றைய பட்டியல் முடிந்துவிட்டது. அடுத்த பட்டியலில் பெயரைப் போட்டுக்கொண்டார்களாம், எப்போது என்று சொல்லவில்லை. மறுபடியும் மெயில்தான் வரும்.

நான் ரூட்டின் கடவுச்சொல்லை மாற்றி, ஒரு கவரில் எழுதிப் போட்டு ஒட்டி சாறிடம் கொடுத்தேன். "நான் கேட்டாலும் தராதீங்க. எதுக்குண்ணு சொல்லிட்டு வாங்கச் சொல்லுங்க." அவர் அதை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். அன்றிலிருந்து மத்தியானம் வந்தால் நானும் மற்றவர்களைப் போலப் பிரிண்டர் தட்டைத்தான் பார்க்க வேண்டும். வெள்ளியும் திங்களும் தட்டில் தாள் இருந்தது. எல்லா நாளும் இருந்தது. எனக்குக் கை அரித்தது. இரண்டு தடவை கவரைக் கேட்டேன். எதுக்கு என்றார் சாறு. சும்மா பார்க்க என்றேன். தரவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலை, வெள்ளறடையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது என்னால் இருக்க முடியவில்லை. பன்னிரண்டு மணி இருக்கும். எதிரே இருந்த பூத்துக்குப் போய் சாறுக்குப் போன் செய்தேன்.

"சாறே, இண்ணைக்கு மெயில் வந்துதா?"

"வந்துது."

"அந்த அக்காவுக்கு?"

"அவளுக்கும் உண்டு. நாளைக் காலத்த பத்து மணி, கொச்சியில. நான் முழுசும் வாசிச்சுக் குடுத்தாச்சு. அவளும் வாங்கி பஸ் ஏறியாச்சு. ஆளு இண்ணைக்குக் கடலுக்குப் போகல்ல."

சந்தோஷம்தான். ஆனால் அதோடு சேர்ந்து, நான் இல்லாமலே நடந்துவிட்டதே என்று வேறொன்றும் இருந்தது.

"நான் இப்பமே பொறப்பட்டு வாறேன் சாறே" என்றேன்.

சாறு, குத்திக் காட்டுவதற்காக இல்லாமல், உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

"எதுக்கு மக்கா?"